சத்து ஊசி

காய்ச்சலோ கால்வலியோ, என் அப்பத்தா கோவிலூரிலிருந்து பஸ் ஏறி காரைக்குடிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, “ஊசி போட்டாரா?” மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பும் டாக்டருக்கு எங்கள் தெருவில் அவ்வளவாக மரியாதை கிடையாது. ஊசி போட்டுவிட்டாலோ, “என்ன ஊசி?” என்று யாரும் கேட்பதில்லை. “சத்து ஊசிதான்” என்பாள் அப்பத்தா. அதோடு பேச்சு முடிந்துவிடும். எது சத்து, எவ்வளவு சத்து, யாருக்கு எதற்கு? டாக்டரிடம் இதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு.

டைலர் ஹாமில்டன் எழுதிய ‘தி சீக்ரெட் ரேஸ்’ புத்தகத்தை வாசிக்கும்போது எனக்கு அப்பத்தாதான் ஞாபகத்துக்கு வந்தாள். 2012இல் டேனியல் காய்ல் என்ற பத்திரிகையாளரோடு சேர்ந்து ஹாமில்டன் எழுதிய புத்தகம் அது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் அணியில் அவரோடு சைக்கிள் ஓட்டியவர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், பிறகு ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டு அந்தத் தங்கத்தை இழந்தவர். இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ரத்தப் பைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். சொந்த ரத்தத்தை எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, பந்தயத்தின் நடுவே ஹோட்டல் அறையில் திரும்ப ஏற்றிக்கொள்வது. படிக்கத் திகிலாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்த இடம் வேறு.

அது 1997. ஹாமில்டன் அப்போது யு.எஸ். போஸ்டல் அணியில். பந்தயத்தில் உடம்பு ஓய்ந்து கிடக்கிறார். அணி மருத்துவர் ஒரு சிறிய சிவப்பு மாத்திரையைத் தருகிறார். இது ஊக்கமருந்து இல்லை, உன் உடம்புக்காகத்தான், உடம்பு தேறுவதற்காகத்தான் என்கிறார். இது ஹாமில்டன் தரும் சித்திரம். அதட்டல் இல்லை, பேரம் இல்லை. மகனைப் பார்க்கும் தகப்பனின் குரல்தான் இருக்கிறது. மாத்திரையில் இருந்தது டெஸ்டோஸ்டீரோன்.

“உடம்புக்கு நல்லது.” சைக்கிள் பந்தய உலகின் ஊக்கமருந்து வரலாற்றில் மிக ஆபத்தான வாக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன். முழுப் பொய்யாக இருந்தால் யாராவது ஒருவர் எழுந்து கேட்டிருப்பார். இது பாதி உண்மை. மூன்று வாரம், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஆல்ப்ஸும் பிரனீஸும் ஏறி இறங்குகிற உடம்பு நிஜமாகவே உருக்குலைந்துதான் போகிறது. அதைத் தேற்ற மருத்துவர் வேண்டும். தேற்றுவது எங்கே முடிகிறது, ஏற்றுவது எங்கே ஆரம்பிக்கிறது? அந்தக் கோட்டைப் போடுகிறவரும் அழிக்கிறவரும் ஒரே ஆள்.

ஹாமில்டன் இன்னொரு கணக்கும் சொல்கிறார். சுத்தமாக ஓட்ட வந்த ஒருவன் கோட்டைத் தாண்டச் சுமார் ஆயிரம் நாள் ஆகிறதாம். முதல் ஆண்டு உற்சாகம், இரண்டாம் ஆண்டு விவரம் புரிவது, மூன்றாம் ஆண்டு முடிவு. ஒருவன் ஒரே ராத்திரியில் திருடன் ஆவதில்லை, அதனால் இது எனக்கு நம்பும்படி இருக்கிறது. முதலில் சத்து ஊசி. அப்புறம் சிவப்பு மாத்திரை. அப்புறம் ஈ.பி.ஓ.

ஈ.பி.ஓ. என்பது சிவப்பணுக்களைப் பெருக்கும் ஹார்மோன். சிவப்பணு கூடினால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் கூடும். தொண்ணூறுகளில் அதைச் சிறுநீரில் கண்டுபிடிக்கச் சோதனை கிடையாது. அதனால் 1997இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் ஒரு வரம்பு வைத்தது: ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டக்கூடாது. கவனிக்க வேண்டியது, அதைத் தண்டனை என்று அவர்கள் சொல்லவில்லை. உடல்நலப் பாதுகாப்பு, கொஞ்ச நாள் ஓய்வு என்றார்கள். சம்மேளனமும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னது. உடம்புக்கு நல்லது.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரியும். 50 என்று ஒரு எண்ணை அறிவித்தால் எல்லோரும் 49இல் வந்து நிற்பார்கள். நாற்பத்திரண்டில் பிறந்தவனுக்கு ஏற்றிக்கொள்ள நிறைய இடம், நாற்பத்தெட்டில் பிறந்தவனுக்கு இடமே இல்லை. அந்த இடைவெளியை அளந்து நிரப்புவதே மருத்துவரின் வேலை ஆனது. ஆம்ஸ்ட்ராங்குக்குப் பயிற்சி வகுத்த இத்தாலிய மருத்துவர் மிகேலே ஃபெர்ராரி அதில் கைதேர்ந்தவர். ஈ.பி.ஓ. ஆபத்தில்லை, அளவு மீறுவதுதான் ஆபத்து, பத்து லிட்டர் ஆரஞ்சு ஜூஸ் குடித்தாலும் ஆபத்துதான் என்று 1994இலேயே பத்திரிகையாளர்களிடம் சொன்னவர். இதுவும் டாக்டர் பாஷைதான். அளவோடு இருந்தால் மருந்து.

இந்தக் குரலை முதலில் சந்தேகித்தவர்களில் ஒருவர் அயர்லாந்துப் பத்திரிகையாளர் டேவிட் வால்ஷ். அவருடைய ‘செவன் டெட்லி சின்ஸ்’ பதின்மூன்று வருடச் சந்தேகத்தின் கதை. எங்கள் ஊர் மடாலயம் வேதாந்தப் பாடத்துக்குப் பேர்போனது. வேதாந்தம் படிக்காத எனக்கும், கயிற்றைப் பாம்பென்று மிரளும் உவமை இந்த ஊர்க் காற்றிலேயே வந்து சேர்ந்தது. ஐயம் வேறு, திரிபு வேறு என்பதும் அப்படித்தான். கயிறா பாம்பா என்று நிற்பது ஐயம். பாம்பேதான் என்று முடிவுகட்டுவது திரிபு. 1999 டூர் டி பிரான்ஸில் வால்ஷுக்கு வந்தது ஐயம். மற்றவர்களுக்கு வந்தது தலைகீழ்த் திரிபு. பாம்பைப் பார்த்துவிட்டுக் கயிறு என்றார்கள். புற்றுநோயிலிருந்து மீண்டவன் மலையேறி ஜெயிக்கிற கதை அவ்வளவு அழகாக இருந்தது.

அந்த வருடமே ஆம்ஸ்ட்ராங்கின் மாதிரியில் கார்ட்டிகோஸ்டீராய்டு தென்பட்டது. இருக்கையில் உராய்ந்து வந்த புண்ணுக்கு மருத்துவர் எழுதிய களிம்பு என்று சீட்டு காட்டப்பட்டது, விஷயம் முடிந்தது. அந்தச் சீட்டு பிறகு பழைய தேதி போட்டு எழுதப்பட்டது என்று அணியின் மசாஜ் பணியாளர் எமா ஓ'ரைலி வால்ஷிடம் சொன்னார். ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் பறிபோனது 2012இல். ஒரு மருந்துச் சீட்டு, ஒரு தேதி. அந்தக் காலத்தின் வெற்றிகரமான சிறுகதை அதுதான்.

சந்தேகிக்கப்பட்ட மருத்துவர்களும் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். பிரிட்டனின் டீம் ஸ்கை அணியில் இருந்த ரிச்சர்ட் ஃப்ரீமன் 2018இல் ‘தி லைன்’ என்று ஒன்று எழுதினார். 2011இல் மான்செஸ்டர் சைக்கிள் அரங்குக்கு டெஸ்டோஸ்டீரோன் ஜெல் வரவழைத்தது ஒரு வீரருக்கு ஊக்கமருந்தாகத்தான், அது தெரிந்தோ நம்பியோதான் ஆர்டர் செய்தார் என்று 2021இல் மருத்துவத் தீர்ப்பாயம் சொல்லி, அவர் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கியது. அவருடைய மருத்துவக் குறிப்புகள் இருந்த லேப்டாப் 2014இல் கிரீஸில் திருடுபோய்விட்டதாம், வேறெங்கும் பிரதி இல்லையாம். எங்கள் ஆபீஸில் ஒரு ஜூனியர் பையன் இதைச் சொன்னால் மேனேஜர் சிரிப்பார். உலகின் மிகப் பணக்கார சைக்கிள் அணி இதைத்தான் பதிலாக வைத்திருந்தது.

ஸ்பெயினின் யூஃபெமியானோ ஃபுவென்டஸ் விஷயம் இன்னும் வினோதம். 2006இல் போலீஸ் சோதனையில் இருநூறுக்கும் மேற்பட்ட ரத்தப் பைகள் சிக்கின. சிலவற்றில் வீரர்கள் வளர்த்த நாய்களின் பெயர்கள் சங்கேதமாக இருந்தன. அந்த நாய்களின் எஜமானர்களான இவான் பாஸோவும் அலெஹாந்த்ரோ வால்வெர்தேயும் ஆளுக்கு இரண்டு ஆண்டு தடை வாங்கினார்கள். டாக்டருக்கு 2013இல் ஓராண்டுத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. 2016இல் மேல்முறையீட்டில் விடுதலை. அன்றைய ஸ்பெயின் சட்டத்தில் ஊக்கமருந்து குற்றமே இல்லை.

நம் பக்கம் வருவோம். 2018 ஏப்ரல், கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டி. விளையாட்டுக் கிராமத்தில் ஊசிகள் கிடைத்தன. உடம்பு சரியில்லாத குத்துச்சண்டை வீரருக்கு பி காம்ப்ளக்ஸ் போட்டேன் என்றார் இந்திய அணி மருத்துவர். சத்து ஊசிதான்! மருந்தில் தப்பில்லை. ஊசியைச் சொல்லாமல் பயன்படுத்தவும் அப்படியே போடவும் கூடாது என்பதுதான் விதி. மருத்துவருக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு. சில நாளில் கே.டி. இர்ஃபான், ராகேஷ் பாபு என்ற இரண்டு தடகள வீரர்களின் அறையில் மறுபடி ஊசி. அவர்களுக்கு ஊருக்கு விமானம்.

2011இல் நம் மகளிர் தொடர் ஓட்டக்காரர்கள், முந்தைய வருடம் டெல்லியிலும் குவாங்சோவிலும் தங்கம் வென்றவர்கள், மாட்டியபோது சொன்னது, பயிற்சியாளர் சீனாவில் வாங்கிக் கொடுத்த ஜின்செங்கில் கலப்படம் என்று. உக்ரைன்காரரான பயிற்சியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பெண்களுக்கு முதலில் ஓராண்டுத் தடை, 2012இல் மேல்முறையீட்டில் இரண்டாண்டு.

அடுத்தது கோமதி மாரிமுத்து. திருச்சி பக்கம் முடிகண்டம். 2019 ஏப்ரல் 22, தோஹா, ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அன்றைக்கு என் போனில் வந்த அத்தனை வாட்ஸப் குரூப்பிலும் அவர் படம்தான். அடுத்த வருடம் நாண்ட்ரோலோன், நான்காண்டுத் தடை. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார். ஆனால் விதிக்கு அது போதாது. உடம்பில் இருந்தால் பொறுப்பு உடம்புக்காரருக்கே. தண்டனை குறைய வேண்டுமென்றால், வேண்டுமென்று செய்யவில்லை என்பதை ஓடியவர்தான் நிரூபிக்க வேண்டும். எப்படி உள்ளே வந்தது என்ற கதையை அவர்தான் சொல்ல வேண்டும், ஆதாரத்தோடு.

ஹாமில்டன் 2004இல் வேறொருவர் ரத்தத்தை ஏற்றியதாக மாட்டியபோது, அவர் தரப்பில் கருவிலேயே மறைந்துபோன இரட்டைச் சகோதரன் வரை பேசினார்கள். அந்தச் சகோதரனின் ரத்த அணுக்கள் இவர் உடம்பில் தங்கியிருக்கலாமாம். அதைச் சொல்ல விஞ்ஞானி வேண்டும், வக்கீல் வேண்டும், பணம் வேண்டும். தோற்றார்தான். பல வருடம் பொய் சொல்லிவிட்டு உண்மையைச் சொன்னபோதோ, அந்த உண்மையை நல்ல உரைநடையாக்கித் தர ஒரு காய்ல் கிடைத்தார். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு நூலுக்கான பிரிட்டிஷ் பரிசும் கிடைத்தது. முடிகண்டத்துக்கு காய்ல் வரவில்லை. கோமதியின் கதை இணையத்தில் ஒரு அறிவிப்பாக நின்றுவிட்டது.

இந்த வகைப் புத்தகங்களின் மேல் என் குறை இதுதான். பாவமன்னிப்புக்கு ஒரு வாசகர் கூட்டம் இருக்கிறது, அதற்குள் நுழையக் கட்டணமும் இருக்கிறது. ஹாமில்டன் தன்னைக் கழுவிக்கொள்கிற வேகத்தில், தன்னோடு ஓட்டி, மாத்திரையை வாங்காமல் வேலையை விட்டுப் போனவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். சுத்தமாகத் தோற்றவனின் புத்தகத்தை யார் போடுவார்கள்?

அதற்காக விதி தவறு என்று நான் சொல்ல மாட்டேன். “டாக்டர் குடுத்தார், சாப்பிட்டேன்” என்பது செல்லுபடியானால் நாளைக்கு எல்லோரும் அதையே சொல்வார்கள். ஹாமில்டனுக்கும் அந்தச் சிவப்பு மாத்திரை என்னவென்று உள்ளுக்குள் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் இந்த விதி ஒரு மனிதனைக் கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்டிருக்கிறது. தனக்கு மருந்து தருகிறவரை நிமிர்ந்து பார்த்து “இதில் என்ன இருக்கு?” என்று கேட்கக்கூடிய மனிதன். அப்பத்தாவின் பேரப்பிள்ளைகளை அது கற்பனை செய்யவில்லை.

இதைச் சொல்லும் நானும் ஒழுங்கில்லை. என் சித்தி மகன் போலீஸ் தேர்வுக்கு விடிகாலையில் கிரவுண்டில் ஓடுகிறான். போன மாசம் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தான். பெயர் ஒட்டிய காகிதம் கிழிக்கப்பட்டிருந்தது. பயிற்சி தருகிற மாஸ்டர் கொடுத்தாராம்.

“அண்ணே, இதுல என்ன இருக்குன்னு நெட்ல பாத்துச் சொல்லுங்க.”

“பேரே இல்லாம எதைடா தேடுறது? மாஸ்டர்கிட்டயே கேளேன்.”

“கேட்டா சந்தேகப்படுறேன்னு நெனைப்பாருண்ணே. உடம்புக்கு நல்லதுன்னுதான் சொன்னாரு.”

சரி, டாக்டர் யாரிடமாவது காட்டு என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டேன். அன்று ராத்திரிதான் ஹாமில்டனின் அந்தப் பக்கத்தை வாசித்தேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து கிரவுண்டுக்குப் போனேன். மாஸ்டரிடம் நானே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, “சத்து மாவு மாதிரிதான் தம்பி” என்றார். பெயரைச் சொல்லவில்லை. நான் இரண்டாம் முறை கேட்டேன். தம்பி ஷூ லேஸைக் கட்டுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை. டப்பா என் அலமாரியில் இருக்கிறது.