வணிகர் எழுத்தும் வாய்மையும்

வணிகர் தம் பொருளை விற்றற்பொருட்டு எழுதுவன திறனாய்வுக்கு உரியனவல்ல எனக் கருதுவார் பலர். எனினும், கவிதை படிப்போரினும் விளம்பரம் படிப்போர் தொகை பெரிது. மக்களின் எண்ணத்தை நாடோறும் உருவாக்கும் எழுத்தை ஆராயாது விடுதல் தகுமோ? இருபதாம் நூற்றாண்டின் வணிக எழுத்துக்களுள் இரண்டினை ஈண்டு ஒப்புநோக்குவாம்.

1900 ஆம் ஆண்டிலே, பிரான்சு நாட்டில் ரயர் செய்து விற்ற மிச்செலின் சகோதரர் கைந்நூலொன்றை 35,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினர். அந்நாளில் அங்கு ஓடிய மோட்டார் வண்டிகள் மிகச் சில. பயணம் பெருகின் ரயர் தேயும். ரயர் தேயின் விற்பனை பெருகும். இதுவே அவர்தம் நோக்கம். ஆயினும், அவர் அந்நூலில் வைத்தவை யாவை? ரயரைக் கழற்றி மாட்டும் முறை, பெற்றோல் கிடைக்குமிடம், வண்டி திருத்துவோர் இருக்குமிடம், தங்குதற்கேற்ற விடுதிகள் என்பனவே. நடையில் அணியென ஒன்றுமில்லை. நடுவழியில் வண்டி பழுதுற்று நிற்பவனுக்கு வேண்டிய சொல் வேண்டிய இடத்தில் இருந்தமையே அதன் அழகு. 1920 ஆம் ஆண்டில் அந்நூலுக்கு விலை குறித்தனர். பிறர் விளம்பரங்களையும் நீக்கினர். விலை கொடுத்தும் அதனை மக்கள் வாங்கினர்.

மற்றையது, 1954 ஆம் ஆண்டு சனவரி 4 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவிலே 400 இற்கு மேற்பட்ட செய்தித்தாள்களில் வெளிவந்த அறிக்கை. புகைப்போருக்கு ஒளிவுமறைவற்ற உரை என்பது அதன் தலைப்பின் கருத்து. சிகரெட்டுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர் எடுத்துக்காட்டிய காலம் அது. சிகரெட்டை வாங்குமாறு அவ்வறிக்கை யாரையும் வேண்டவில்லை. அதன் தொனி அடக்கமானது. மக்களின் உடல்நலமே தமக்கு எல்லாவற்றினும் முதன்மையானதெனப் புகையிலைக் கம்பனிகள் கூறின. தம் பொருள் தீங்கற்றதென நம்புவதாகவும், ஆராய்ச்சிக்கு உதவுவதாகவும் உரைத்தன. நடையை மாத்திரம் நோக்கின் இதற்குக் குறை கூறல் அரிது. ஆனால், முதன்மையான சிகரெட் கம்பனிகள் புகைத்தலின் கேட்டினைப் பற்றிப் பல்லாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றின என, 2006 ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு அவ்வெழுத்துக்களினுள்ளேயே புலப்படும். கைந்நூலின் ஒவ்வொரு வரியும் சோதனைக்கு உட்பட்டது. சொன்ன ஊரில் பெற்றோல் இல்லையேல், படித்தவன் மறுநாளே பொய்யைக் கண்டுகொள்வான். அறிக்கையோ பெயர் சுட்டாத அறிஞரைத் துணைக்கு அழைக்கின்றது. படிப்பவன் தானே சோதித்தறியத்தக்கது எதனையும் தரவில்லை. அது விதைத்தது அறிவன்று, ஐயம். முன்னையது படிப்பவனுக்கு வழி காட்டிற்று. பின்னையது வழியை மறைத்தது.

படிப்பவனை அறிக, எளிமையாய் எழுதுக, நம்பிக்கையைப் பெறுக என வணிக எழுத்துப் பயிற்றுவோர் இன்று கூறுவர். இம்மூன்றினையும் அவ்வறிக்கையும் செய்தது. ஆதலின், நம்பிக்கையைப் பெறும் வித்தை மாத்திரம் போதாது. அதற்குத் தகுதியுடையராதலும் வேண்டும். வள்ளுவர் வாணிகர்க்குரிய நெறியைச் சொல்வன்மை அதிகாரத்தில் வைத்தாரல்லர், நடுவுநிலைமையில் வைத்தார். வணிகர்க்கு எழுதப் புகும் இளைஞர் அவ்வைப்புமுறையின் பொருளை உணர்வாராக.