சுவையும் வாழ்நிலையும்

கலைச்சுவை பிறவிக்குணமன்று, வாழ்நிலையும் மதிப்பீடுகளுமே அதனை உருவாக்குகின்றன. லிந்துலைத் தோட்டங்களில் மாசித் திங்களில் நிகழும் காமன் கூத்து இதற்குச் சான்று. தப்பொலி முழங்க ஆடப்படும் அக்கூத்தினைத் தொழிலாளர் வழிபாடெனப் போற்றுவர். கற்று உயர்ந்தோருட் சிலரோ நாகரிகமற்றதென நாணிப் பரதத்தை நாடுவர். அப்பரதமும் சதிரென்ற பெயரில் இழித்துரைக்கப்பட்டதே. 1930-களில் மேட்டுக்குடியினர் கைக்கொண்ட பின்னரே உயர்கலையாயிற்று. ஆடலினும் ஆடுவோர் நிலையே தீர்ப்பை மாற்றிற்று எனலாம்.

இங்கிலாந்திலும் நாட்டுப்புறத்தாரின் பாடல்கள், செசில் ஷார்ப் 1903 முதல் தொகுக்கத் தொடங்கிய பின்னரே கற்றோரிடை மதிப்புப் பெற்றன. மலையகப் பாடல்களைத் தொகுத்தவர், 1947-இல் அண்மையிலுள்ள தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை. அப்பணியைத் தொடர்தல் கற்றோர் கடன். பெற்றோரின் கலையைக் கண்டு நாணச் செய்யும் கல்வி, சுவையை வளர்த்ததாகாது, வர்க்கத்தை மாற்றியதேயாகும்.