சிலப்பதிகாரக் கதைக்கோப்பும் முரணின் படிநிலைகளும்

கதை என்பது நிகழ்ச்சிகளின் வரிசை. கதைக்கோப்பு என்பது அந்நிகழ்ச்சிகள் ஒன்றற்கொன்று காரணமாய் அமையும் இயைபு. அவ்வியைபினை இயக்குவது முரண். ஒருவர் விழைவும் அதற்கு எதிர்நிற்கும் ஆற்றலும் மோதுமிடத்தே கதை முளைக்கின்றது. அம்மோதல் தணியுமிடத்தே முடிகின்றது. எனவே, ஒரு காப்பியத்தின் முடிவு பொருந்துமா பொருந்தாதா என்பதனைத் துணிய விரும்புவார், அதன் முரண் யாது என்பதனை முதற்கண் துணிதல் வேண்டும். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் கதைக்கு வேண்டாத மிகை என்றும், பிற்சேர்க்கை என்றும் கூறுவார் உளர். அக்கூற்றினைக் கதைக்கோப்பு நெறி நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செருமன் அறிஞர் குசுதாவ் பிரெய்தாக் 1863-இல் வெளியிட்ட நாடக நூலில் தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், அழிவு என ஐந்து படிகளை வகுத்தார். கிரேக்க நாடகங்களையும் சேக்சுபியர் நாடகங்களையும் கண்டு வகுத்த நெறி அது. நம் நாட்டிலோ அடியார்க்குநல்லார், அரங்கேற்று காதை உரையில், முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் எனச் சந்தி ஐந்தினைக் கூறி, அவற்றைப் பயிரின் வளர்ச்சியோடு ஒப்பிட்டு விளக்குகின்றார். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைத்தல், நாற்றாதல், கருக்கொள்ளுதல், கதிர் முற்றுதல், அறுத்துப் போரடித்து உண்டு மகிழ்தல் என்பன அவர் காட்டும் உவமைகள். பரிதிமாற் கலைஞரும் 1897-இல் இயற்றிய நாடகவியலில் இச்சந்திகளைப் பேசுகின்றார்.

இவ்விரு நெறிகளுக்கும் உள்ள வேற்றுமை உற்று நோக்கத்தக்கது. பிரெய்தாக்கின் நெறி மலையேறி இறங்குவது போன்றது. உச்சம் நடுவே நிற்க, எஞ்சியவை வீழ்ச்சியாகின்றன. சந்தி நெறியோ இறுதிவரை வளர்வது. அதன்கண் ஈற்றுப் படி வீழ்ச்சியன்று. முன்னைய படிகள் அனைத்தின் பயன். வடநூலார் நான்காம் சந்தியை விமர்சம் எனக் கொண்டு, பயன் கைகூடுமுன் எழும் இடையூற்றை ஆண்டு வைப்பர். தமிழுரையாசிரியர் அவ்விடத்தே விளைவு என்னும் பெயரை அமைத்து, உழவின் முறையினைச் சிதையாது காத்தார்.

இனி, காப்பியத்தின் முப்பது காதைகளை இந்நெறியில் வைத்துக் காண்போம். மங்கல வாழ்த்து முதல் கானல்வரி ஈறாக ஏழும் முகம். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையால் தொடங்கிய உறவு, யாழிசையிற் பிறந்த ஐயத்தால் முறிகின்றது. வேனிற் காதை முதல் நாடுகாண் காதை ஈறாக மூன்றும் பிரதிமுகம். சிலம்பு பேச்சில் முதன்முதல் வெளிப்பட்டு, மதுரைப் பயணத்திற்கு முதலாகின்றது. காடுகாண் காதை முதல் கொலைக்களக் காதை ஈறாக ஆறும் கருப்பம். ஆய்ச்சியர் குரவை முதல் கட்டுரை காதை ஈறாக ஏழும் விளைவு. வஞ்சிக் காண்டத்து ஏழும் துய்த்தல். இப்பகுப்பு அடியார்க்குநல்லார் வகுத்ததன்று. வஞ்சிக் காண்டத்திற்கு அவர் உரை இன்று கிடைத்திலது. அவர் கூறிய இலக்கணத்தைக் கொண்டு யாம் பொருத்திக் காட்டியதே என்க.

இக்காப்பியத்தில் முரண் இரண்டு. கோவலன் உள்ளத்தில் நிகழ்வது முதன் முரண். கண்ணகிக்கும் அரச நீதிக்கும் இடையே நிகழ்வது இரண்டாம் முரண். முன்னதைத் தீர்ப்பதற்கு வந்த பொருளே பின்னதற்கு வித்தாகின்றது. பொருளிழந்து நாணி வந்த கணவனுக்குக் கண்ணகி சிலம்பினை ஈய முன்வருகின்றாள். இல்லறம் மீள அமையும் வழி பிறக்கின்றது. மாதவியின் ஓலையால் அவள் குற்றமின்மையையும், மாதரி மனையில் தன் பிழையையும் கோவலன் உணர்கின்றான். அவன் உள்ளம் தெளிந்த அந்நாளிலேயே பொற்கொல்லன் எதிர்ப்படுகின்றான். ஒரு முரணின் தீர்வு மற்றொன்றன் தோற்றமாக அமைந்த இவ்வியைபே காப்பியத்தின் கருப்பம் எனத் தகும்.

வழக்குரை காதையில் கண்ணகி வெல்கின்றாள். ஆயினும் அவ்வெற்றியால் முரண் தணிந்ததா? பாண்டியன் கொடியவன் அல்லன், ஆராயாது ஆணையிட்டவன். பிழையுணர்ந்த கணமே தன்னைத்தானே குற்றவாளியாக்கி உயிர் நீக்கின்றான். எதிரி மாய்ந்த பின்னும் சினம் ஆறவில்லை, நகர் எரிகின்றது. மதுராபதித் தெய்வம் முற்பிறப்பு வரலாறு கூறிய பின்னரும் கண்ணகி கணவனைக் காணும் வரை அமைதியுறாளாய் மதுரையை நீங்குகின்றாள். கதை ஆண்டே முடியின், அறம் கூற்றாதலும் ஊழ் உருத்து வருதலும் மட்டுமே நிறுவப்பட்டிருக்கும். பதிகம் கூறும் மூன்றனுள், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துதல் எஞ்சி நிற்கும்.

வடவர்மேற் சென்ற போர் முன்னைய காண்டங்களில் வேரில்லாத புதிய முரண் என்பது வலிமை வாய்ந்த தடையே. கனகவிசயர் பகை பத்தினிக் கல்லின் பொருட்டு எழுந்த செலவோடு பின்னரே இணைக்கப்படுகின்றது என்பதை மறுத்தற்கில்லை. போர் வருணனை அளவிற் பெருகியதும் உண்மையே. ஆயினும் அப்போர் காண்டத்தின் முடிவன்று. மாடலன் அறிவுரையால் செங்குட்டுவன் சினந்தணிந்து, வேள்வி மேற்கொண்டு, சிறைப்பட்டாரை விடுவிக்கின்றான். வாழ்த்துக் காதையில் தெய்வவடிவுற்ற கண்ணகி பாண்டியனைத் தீதற்றவன் எனவும், தான் அவன் மகள் எனவும் கூறுகின்றாள்.

இதுவே முரண் தணியுமிடம். மதுரையில் நீதி கிடைத்தது. வஞ்சியில் பகை ஒழிந்தது. கொன்ற அரசனை மகண்மை கூறி ஏற்கும் அச்சொல் இன்றேல், விளைந்த கதிர் களத்திலேயே கிடந்து அழியும். ஆதலின், வஞ்சிக் காண்டத்தின் காலமும் ஆசிரியரும் பற்றிய ஆராய்ச்சி மொழியும் வரலாறும் கொண்டு நிகழ்க. கதைக்கோப்புக்கு அது மிகை என்னும் காரணம் மட்டும் அவ்வாராய்ச்சிக்குச் சான்றாகாது.