ஆமினா நடந்த தூரம்

புது ஊருக்குப் புறப்படுகிறவர்களிடம் அந்த ஊரைப் பற்றிய நாவல் ஒன்றைப் படித்துவிட்டுப் போகச் சொல்வது நம் வழக்கம். மாணவிகளிடம் நானும் சொல்லியிருக்கிறேன். எனக்குக் கெய்ரோ போகும் வாய்ப்பு வந்தபோது பட்டியல் தந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். எல்லார் பட்டியலிலும் முதலில் இருந்தவர் நகிப் மஹ்ஃபூஸ். வீட்டுப் பெண்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "கூட யாரு வர்றாங்க?"

வழி சொல்லும் இலக்கியம் நமக்குப் புதிதல்ல. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனுக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், எங்கே என்ன சோறு கிடைக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. விறலியும் கூடவே நடக்கிறாள். நடந்து களைத்த அவள் பாதத்துக்கு அழகான உவமை கிடைக்கிறது. வழி சொல்லும் குரல் மட்டும் அவளுடையதாக இல்லை. பயணத்துக்கு முன் நாவலைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இந்த ஊரை நமக்குச் சொல்கிறவர் யார்? அவர் சொல்லும் தெருவில் யாரெல்லாம் நடக்க முடிந்தது?

மஹ்ஃபூஸின் முந்நாவல் 1956, 1957ஆம் ஆண்டுகளில் வெளியானது. மூன்றின் தலைப்புகளும் பழைய கெய்ரோவின் ஜமாலிய்யா பகுதித் தெருப்பெயர்கள். 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்த பிறகு அந்தத் தெருக்களுக்கு வாசகர்களும் வரத் தொடங்கினார்கள். அவர்களை ஈர்ப்பது பெரும்பாலும் கான் அல்-கலீலியின் காப்பிக் கடைகள்தான். நாவலில் அப்துல் ஜவாத் தினமும் நள்ளிரவுவரை நண்பர்களோடு ஆடிப்பாடிக் களிக்கிறார். ஆனால் நாவல் தொடங்குவது அங்கே அல்ல. அவர் திரும்பி வருவதற்காகத் தூக்கத்திலிருந்து எழுந்து விளக்கோடு காத்திருக்கும் மனைவி ஆமினாவிடம். மரச்சல்லடை அடைத்த மாடத்தின் துளைகள் வழியாக அவள் தெருவையும் பள்ளிவாசல் மினாராக்களையும் பார்க்கிறாள்.

ஹுசைன் பள்ளிவாசல் அங்கிருந்து சில நிமிட நடைதான். இருபத்தைந்து ஆண்டு அந்த வீட்டில் வாழ்ந்தும் அவள் அங்கே போனதில்லை. கணவர் போர்ட் சையத் போன சமயம், பிள்ளைகள் தூண்ட, கடைக்குட்டி கமாலின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறாள். திரும்பும்போது வண்டி மோதிக் காறையெலும்பு முறிகிறது. ஊரிலிருந்து வந்தவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். எலும்பு கூடும்வரை பொறுத்திருந்து, பிறகு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். இற்செறிப்பைக் கன்னிப் பெண்ணுக்குரியதாகவே பாடம் நடத்தியிருக்கிறேன். நான்கு பிள்ளை பெற்றவளுக்கும் அது முடிவதில்லை என்று ஆமினா சொன்னாள்.

இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். "புருஷன் ஊர்ல இல்லாதப்பதானே போனா? அப்ப சரியாத்தான் போயிருக்கா. போய்ட்டு வந்து எதுக்குச் சொன்னா?" என்றார். எகிப்து எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.

மஹ்ஃபூஸ் ஆமினாவைக் கேலி செய்வதில்லை. அவள் பக்தியையும் ஆசையையும் உள்ளிருந்து எழுதுகிறார். மூன்றாம் நாவலில் கிழவி ஆமினா பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போய்வருகிறாள். நோயாளியான கணவர் மாடத்தருகே உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறார். நிலை தலைகீழானதைப் பலர் பாராட்டுவார்கள். எனக்கு அங்கே ஒரு நெருடல் உண்டு. அவருடைய கால்கள் ஓய்ந்த பிறகே அவளுடைய கால்களுக்கு அனுமதி கிடைக்கிறது. அவளாகத் திறந்த கதவு அல்ல அது.

அந்தக் கதவைத் திறக்க முயன்றவர் லதீஃபா அல்-ஸய்யாத். அவருடைய 'திறந்த கதவு' 1960இல் வந்தது. 1946 போராட்டத்தில் மாணவர் தலைவர்களில் ஒருவராக நின்றவர் அவர். நாவலின் லைலா பள்ளியிலிருந்து ஊர்வலத்தில் போகிறாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா அடிக்கிறார். தேசம் அவளைத் தெருவுக்கு அழைக்கிறது, வீடு அதே தெருவுக்காகத் தண்டிக்கிறது. ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் ஆண்களும் வீட்டுக்குள் எப்படி இருந்தார்கள் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன நாவல்கள் குறைவு. என் நண்பர்களின் பட்டியலில் இது இல்லை. ஆங்கிலத்தில் இது வர நாற்பது ஆண்டுகள் ஆயின.

நவால் எல் சாதவியின் 'சூன்யப் புள்ளியில் பெண்' 1975இல் வந்தது. எட்டே ஆண்டுகளில் ஆங்கிலத்துக்குப் போனது, தமிழுக்கும் வந்தது. கனாத்திர் சிறையில் மரணதண்டனைக்குக் காத்திருந்த ஒரு பெண்ணைச் சந்தித்ததிலிருந்து பிறந்த நூல் அது. 1981இல் சாதவியே அதே சிறையில் அடைக்கப்பட்டார். அந்த நூலின் கோபத்துக்கு நான் கடன்பட்டவள். ஆனால் பயணத்துக்கு முன் அதை மட்டும் மறுபடி படித்தபோது என்னுள் பரிதாபம் ஊறியதைக் கவனித்தேன். நான் இன்னும் பார்த்திராத பெண்களுக்காக முன்கூட்டியே இரங்கத் தொடங்கியிருந்தேன். பிறகு மறுபடி படித்தேன். மன்னிப்பு மனு போட மறுக்கிறாள் பிர்தௌஸ். தன் மீது யாரும் இரக்கம் காட்ட வேண்டியதில்லை என்பதுதான் அந்த மறுப்பு. நான் அந்த வரிகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். தூக்குமரத்தின் முன் நிற்கும் எகிப்தியப் பெண் உலகுக்கு விரைவாகக் கிடைத்தாள். ஊர்வலத்தில் போன பெண் தாமதமாகத்தான் கிடைத்தாள். இதற்குப் பதிப்பாளர்கள் மட்டுமல்ல, என்னைப் போன்ற வாசகர்களும் பொறுப்பு.

ஜமாலிய்யாவில் 1648இல் கட்டப்பட்ட சுஹைமி வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே மரச்சல்லடை மாடத்தின் பின்னால் நின்று பார்த்தேன். குடிநீர்ச் சாடிகளைக் குளிரவைக்கும் இடமாக இருந்ததால்தான் மஷ்ரபிய்யா என்ற பெயர் வந்தது என்பார்கள். காற்று நன்றாகத்தான் வந்தது. கீழே போகிறவர்கள் யாருக்கும் நான் தெரியவில்லை.

பிறகு ஹுசைன் பள்ளிவாசல்வரை தனியாக நடந்தேன். நான் உள்ளே போகவில்லை. வெளியே நின்று, போகிற வருகிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாவலும் எனக்கு வழி சொல்லவில்லை, அதற்கு வரைபடம் போதும். நாவல் தந்தது, அந்தச் சில நிமிட நடை யாருக்கு எவ்வளவு நீளம் என்ற கணக்கை.

இப்போது மாணவிகளுக்குப் பட்டியல் தருவதில்லை. எந்த ஊர் நாவலானாலும் அதில் வரும் பெண் தன் வாசலிலிருந்து எவ்வளவு தூரம் போகிறாள், திரும்பி வரும்போது கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். அப்படியே நம் ஊர் நாவலையும் ஒருமுறை அளந்துவிட்டுப் புறப்படச் சொல்கிறேன்.