நாள்வரிசையும் பதிப்புவரிசையும்: செருகுநிரல்வழி உள்ளடக்க மேலாண்மை – திருவருட்பாவை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

வலைப்பதிவு எழுதுவதற்கென உருவான வேர்ட்பிரஸ் மென்பொருளைச் செருகுநிரல்களின் துணையால் உள்ளடக்க மேலாண்மை அமைப்பாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் தமிழ்ச் சூழலில் வேரூன்றியுள்ளது. இம்மாற்றம் எந்த அளவுக்கு மெய்யானது என்பதை, அடுக்குமுறைச் சிக்கல் மிகுந்த பதிப்பு வரலாறுடைய திருவருட்பாவை அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பதிப்பாசிரியரின் முடிவுகள், செருகுநிரல் நீங்கினாலும் படிக்கத்தக்க தரவுகளாக அமையும்போதே அம்மாற்றம் நிறைவுறும் என்பது இதன் வாதம்.

திறவுச் சொற்கள்: வேர்ட்பிரஸ், செருகுநிரல், திருவருட்பா, பதிப்பியல், நிலைமுகவரி, பாடவேறுபாடு.

முன்னுரை

ஒரு நூலை அடுக்கும் முறை அந்நூலைப் பற்றிய ஒரு கருத்தாகும். அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் பாலைத்திணைக்குரியவை, 2, 8 என முடியும் எண்கள் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10இன் மடங்குகள் நெய்தல். எண்ணைக் கண்ட அளவில் திணையை அறியலாம். தொகுத்தவரின் இலக்கணக் கோட்பாடு அங்கே எண்ணாக உறைந்துள்ளது.

வலைப்பதிவுக்கும் ஓர் அடுக்குமுறை உண்டு. இறுதியாக எழுதப்பட்டது முதலில் நிற்கும். பழையது கீழே இறங்கும். செய்திக்கும் நாட்குறிப்புக்கும் இது பொருந்தும். ஓர் இலக்கியத் தொகுதியை அதே தளத்தில் இடும்போது, தட்டச்சு செய்து ஏற்றிய நாளே நூலின் வரிசையாகிவிடும் இடர் எழுகிறது. இதனைக் களையவே செருகுநிரல்கள் நாடப்படுகின்றன.

தளத்தின் வளர்ச்சி

பி2 என்னும் வலைப்பதிவு மென்பொருளின் கிளையாக மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகியோர் உருவாக்கிய வேர்ட்பிரஸ் 2003 மே 27இல் வெளிவந்தது. செருகுநிரல்களை ஏற்கும் வசதி 2004இல் வந்த 1.2ஆம் பதிப்பில் அமைந்தது. நாள்வரிசைக்கு உட்படாத தனிப்பக்கங்கள் 2005இல் 1.5ஆம் பதிப்பில் சேர்ந்தன. 2010இல் வெளியான 3.0ஆம் பதிப்பு, 'பதிவு' என்பதற்கு அப்பால் நூல், பாடல், கல்வெட்டு எனப் பயனரே பதிவுவகைகளை வரையறுக்கவும் அவற்றுக்குரிய வகைப்பாடுகளை அமைக்கவும் முழுமையாக வழிசெய்தது.

இவ்வரலாறு ஒரு தெளிவைத் தருகிறது. வலைப்பதிவுத் தளத்தை உள்ளடக்க மேலாண்மை அமைப்பாக்கும் ஆற்றலின் பெரும்பகுதி 2010 முதல் மையநிரலிலேயே உள்ளது. பதிவுவகை, தனிப்புலம் ஆகியவற்றுக்கான செருகுநிரல்கள், நிரல் எழுத அறியாத ஆய்வாளரும் அவ்வாற்றலைக் கையாளுமாறு படிவங்களை அமைத்துத் தருகின்றன. 'செருகுநிரல் தளத்தையே மாற்றிவிடுகிறது' என்னும் கூற்று இவ்வகையில் பாதி உண்மையே.

திருவருட்பாவின் அடுக்குகள்

இன்றைய கடலூர் மாவட்டத்து மருதூரில் 1823இல் பிறந்து, வடலூரில் 1872இல் சத்திய ஞானசபையை நிறுவிய இராமலிங்க அடிகளின் பாடல்கள் இம்மதிப்பீட்டுக்கு ஏற்ற களம். தொழுவூர் வேலாயுத முதலியார் அவற்றை ஆறு திருமுறைகளாக வகுத்தார். முதல் நான்கு திருமுறைகள் 1867இலும் ஐந்தாம் திருமுறை 1880இலும் ஆறாம் திருமுறை 1885இலும் அச்சேறின. ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை 12 பகுதிகளாக ஒரு பதிப்பைக் கொணர்ந்தார். ஊரன் அடிகளின் 1972ஆம் ஆண்டுப் பதிப்பு பாடல்களைக் கால முறையில் அமைத்தது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரையுடன் திருவருட்பாவை வெளியிட்டது.

இவ்வடுக்குகளுள் எதுவும் நடுநிலையானது அன்று. அருட்பா–மருட்பா விவாதத்தில் 'திருமுறை' என்னும் பெயரே கேள்விக்குள்ளானது. எனவே ஒரு மின்பதிப்பு, இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பிறவற்றை மறைப்பதைவிட, அனைத்தையும் ஒருங்கே காட்டுவதே ஆய்வுக்குப் பயன்தரும்.

இங்கு வேர்ட்பிரஸின் அமைப்பு கைகொடுக்கிறது. 'பாடல்' எனும் பதிவுவகையை அமைத்து, 'திருமுறை', 'பதிகம்', 'இறைவன்', 'தலம்' என வகைப்பாடுகளை வரையறுத்தால், ஒரே பாடல் பல தொகுப்புகளில் இடம்பெறும். ஒவ்வொரு பதிப்பிலும் அப்பாடல் பெறும் வரிசையெண்ணைத் தனித்தனி எண்புலங்களில் இட்டால், படிப்பவர் விரும்பும் பதிப்பின் வரிசையில் நூல் விரியும். அச்சுநூல் ஒரே கட்டமைப்பில் தர இயலாத வசதி இது.

எனினும் இரு முடிவுகளைப் பதிப்பாசிரியரே எடுக்க வேண்டும். முதலாவது அலகு பற்றியது. 1596 அடிகள் கொண்ட அருட்பெருஞ்ஜோதி அகவலை ஒரே பதிவாகக் கொள்வதா, அடிகளாகப் பகுப்பதா என்பதைச் செருகுநிரல் தீர்மானிக்காது. இரண்டாவது காலம் பற்றியது. ஒரு பதிவின் வெளியீட்டு நாள் என்னும் புலம் நாளையும் மணியையும் கேட்கும். பாடல் இயற்றப்பட்ட காலத்தை அதில் இட்டால், ஊகமான காலமும் உறுதியான நாளாகத் தோற்றமளிக்கும். இயற்றிய காலம், அச்சேறிய ஆண்டு, தளத்தில் ஏற்றிய நாள் ஆகிய மூன்றையும் வேறுவேறு புலங்களில் வைப்பதே முறை.

நிலைமுகவரியும் தமிழ் எழுத்தும்

ஆய்வில் மேற்கோள் காட்டுவதற்கு மாறாத முகவரி இன்றியமையாதது. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே முகவரியை ஆக்குகிறது. அதற்கென ஒதுக்கிய இடம் 200 குறிகள். தமிழ் ஒருங்குறியில் ஒவ்வொரு குறியீடும், முகவரிக்குரிய விழுக்காட்டுக் குறிமுறையில் 9 குறிகளாக விரியும். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று; புள்ளிக்கும் ஒன்று. ஆக 22 குறியீடுகளுக்கு மேல் முகவரியில் இடமில்லை. 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்னும் தலைப்பு 23 குறியீடுகள் கொண்டது. இயல்புநிலையில் அதன் இறுதிப் புள்ளி வெட்டுண்டு 'வள்ளலார' என முகவரி முடியும்.

நீண்ட தலைப்புகள் இரண்டு தொடக்கத்தில் ஒத்திருந்தால், வெட்டுண்டபின் முகவரிகளும் ஒன்றாகும். பின்னர் ஏற்றியதற்கு '2' என்னும் எண் சேரும். தள்ளிவைத்த நாள்வரிசை இவ்வாறு முகவரிவழி மீண்டும் நுழைகிறது. எந்தப் பதிப்பின் வரிசையையும் சாராத ஒரு நிலையெண்ணை ஒவ்வொரு பாடலுக்கும் அளித்து, அதனையே முகவரியாக்குவது இதற்குத் தீர்வாகும்.

பாடவேறுபாடும் தேடலும்

பாடவேறுபாடுகளைத் தனிப்புலங்களில் இடுவது பதிப்பாசிரியர்க்கு இயல்பாகத் தோன்றும். ஆனால் மையநிரலின் தேடல் தலைப்பு, சுருக்கம், உள்ளடக்கம் ஆகியவற்றுள் மட்டுமே நிகழ்கிறது. புலங்களில் உள்ள பாடம் தேடலுக்கு அகப்படாது. திருத்த வரலாறும் நெடுங்காலம் தனிப்புலங்களைப் பதிவுசெய்யவில்லை. 2023இல் வந்த 6.4ஆம் பதிப்பே அதற்கு வழிசெய்தது. அதுவும் அப்புலத்தை வரையறுக்கும்போதே கோரினால்தான் செயற்படும். யார், எப்போது ஒரு பாடத்தை மாற்றினார் என்பதை அறிய இயலாத பதிப்பு, ஆய்வுப் பதிப்பாகாது.

தேடல் எழுத்துத்தொடரை ஒப்பிடுவதால், 'அருள்' எனத் தேடுவோர்க்கு 'அருட்பெருஞ்ஜோதி' கிட்டாது. புணர்ச்சியால் திரிந்த வடிவங்களைச் சொல்பிரிப்புடன் உள்ளடக்கப் பகுதியிலேயே தருவது இதற்கொரு வழி. பிரிப்பு எங்கே விழவேண்டும் என்பது இலக்கணப் புலமையின் பணி.

நிலைபேறு

பதிவுவகையை வரையறுத்த செருகுநிரல் செயலிழந்தால், பாடல்கள் தரவுத்தளத்தில் அழியாமல் இருக்கும். ஆயினும் தளத்திலும் நிர்வாகப் பக்கத்திலும் தோன்றா. பக்க வடிவமைப்புச் செருகுநிரல்களின் குறுங்குறியீடுகள், அவை நீங்கியபின் வெறும் அடைப்புக்குறிகளாக எஞ்சும். தனி அட்டவணைகளில் தரவை வைக்கும் செருகுநிரல்களின் உள்ளடக்கம் மையநிரலின் ஏற்றுமதிக் கோப்பில் இடம்பெறாது.

இவ்விடர் கற்பனையன்று. 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இயங்கிய 'அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்' எனும் தனிப்புலச் செருகுநிரல், அதனை நடத்திய டபிள்யூ.பி. எஞ்சின் நிறுவனத்துக்கும் முல்லன்வெக் தரப்புக்கும் இடையே எழுந்த பூசலால், 2024 அக்டோபரில் அதிகாரமுறைச் செருகுநிரல் தொகுப்பில் வேறு பெயருடன் வேறு தரப்பின் கைக்கு மாற்றப்பட்டது. பயனர் எவரும் கேட்காமலே பொறுப்பாளர் மாறினார். முனைவர் பட்ட ஆய்வின் உழைப்பு முழுவதையும் இத்தகைய ஒரே செருகுநிரலில் ஒப்படைப்பது, ஒரே ஓலைப்பிரதியைப் படியெடுக்காமல் விடுவதற்கு ஒப்பாகும்.

தொல்பொருள், ஆவணத் தொகுப்புகளுக்கென உருவான ஓமேகா போன்ற அமைப்புகளை நாடலாமே எனலாம். அவை விவரிப்புப் புலங்களைத் தொடக்கத்திலேயே கொண்டவை என்பது மெய். ஆனால் அலகு, வரிசை, முகவரி, பாடவேறுபாடு பற்றிய முடிவுகளை அங்கும் பதிப்பாசிரியரே எடுக்க வேண்டும். மேலும், பல்கலைக்கழகத் துறையில் தளத்தைப் பேணுவோர் மாறும்போது, பலரும் பழகிய மென்பொருள் எளிதில் கைமாறும்.

முடிவுரை

செருகுநிரல்கள் வலைப்பதிவுத் தளத்தை நூற்பதிப்புக்கு ஏற்றதாக்கும்; பதிப்பை ஆக்கித் தரா. பதிவுவகைகளையும் வகைப்பாடுகளையும் தளத்துக்கெனவே எழுதிய சிறு செருகுநிரலில் வரையறுத்தல், வரிசையெண்களை வெளிப்படையான பெயருடைய புலங்களில் இடுதல், நடுநிலையான நிலையெண்ணை முகவரியாக்குதல், மூலபாடத்தை வெறும் உரைக்கோப்பாகவும் அவ்வப்போது சேமித்தல் ஆகிய நான்கும் குறைந்தபட்சத் தேவைகள். வேலாயுத முதலியாரின் வகுப்பு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் விவாதிக்கத்தக்கதாக நிற்பதற்குக் காரணம், அது நூலிலேயே கண்கூடாகப் பதிவாகியிருப்பது. மின்பதிப்பாசிரியரின் முடிவுகளும் அவ்வாறே வெளிப்படையாக இருந்தால்தான், பின்வருவோர் அவற்றை ஏற்கவும் மறுக்கவும் இயலும்.