அங்கவடி இல்லாத அரை மணி நேரம்

பிள்ளையைக் குதிரையேற்றக் கிளப்பில் சேர்க்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எப்ப சார் ஜம்ப் பண்ண விடுவாங்க?" அடுத்தது கட்டணம். அப்புறம் போட்டி, சான்றிதழ். "லஞ்ஜ் கயிற்றில் எத்தனை மாதம் வைத்திருப்பார்கள்?" என்று கேட்ட தகப்பனார் ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் பிள்ளைக்கு ஹெல்மெட் நானே வாங்கித் தருவேன்.

நடுவில் ஆசிரியர், கையில் நீளக் கயிறு, மறுமுனையில் வட்டமடிக்கும் குதிரை. பிள்ளையின் கையில் கடிவாள வார் இல்லை. காலில் அங்கவடி இல்லை. ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். பத்தாவது நிமிடம் பெற்றோருக்குச் செல்போன் ஞாபகம் வந்துவிடும். எனக்கோ குதிரையேற்றத்தில் இதைவிடச் சுவையான காட்சி இல்லை. ட்ராட் என்ற துள்ளோட்டத்தில் குதிரையின் முதுகு அடிக்கு அடி தூக்கிப் போடுகிறது. முதலில் பிள்ளை அதை எதிர்த்துப் பிடிக்கும்: தோள் ஏறும், முட்டி இறுகும், தலை தஞ்சாவூர் பொம்மையாக ஆடும். பிறகு ஏதோ ஒரு காலையில் இடுப்பு இளகிவிடும். தொடை நீண்டு தொங்கும். முதுகு போகிற போக்கில் இடுப்பும் போகும். பிள்ளை முகத்தில் அப்போது ஒரு ஆச்சரியம் வரும் பாருங்கள், அதற்காகவே ஊரார் பிள்ளைகளின் வகுப்புக்கெல்லாம் போய் வேலியோரம் நின்றிருக்கிறேன்.

வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில் இன்றைக்கும் புதியவர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள், அதுவும் மாதக்கணக்கில். புதியவர்கள் மட்டுமல்ல. அலோய்ஸ் பொதாய்ஸ்கி அங்கே பயிலப் போனபோது அனுபவமுள்ள குதிரைப்படை அதிகாரி. அவரையும் அங்கவடி இல்லாமல் கயிற்றில்தான் சுற்றவிட்டார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நீரோ என்ற குதிரையில் வெண்கலம் வாங்கினார். 1939-இல் அந்தப் பள்ளிக்கே தலைவரானார். நம் ஊரில் நான்காவது வகுப்பிலேயே வாரைக் கையில் கொடுத்து, ஆறாவது வகுப்பில் கேன்டர் என்ற பாய்ச்சலோட்டத்தை வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

"வியன்னாவில் லிப்பிஸானர் இனக் குதிரை, நமக்கு ஏது?" என்று ஒரு நண்பர் என்னை மடக்குவார். அதனால்தான் நமக்குக் கயிறு கூடுதலாகத் தேவை என்பேன். நம் கிளப்புகளில் நிற்பவற்றில் பெரும்பாலானவை பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட். பந்தயக் குதிரை வாயில் இரும்பு இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு ஓடப் பழகியது. பயந்த பிள்ளை என்ன செய்யும்? வாரைப் பிடித்துத் தொங்கும். குதிரை அதைத் தனக்குத் தெரிந்த பாஷையில் புரிந்துகொண்டு வேகமெடுக்கும். பிள்ளை இன்னும் இறுக்கும். நான் பார்த்த விபத்துகளில் பாதிக்குமேல் இந்தக் கதைதான். உட்காரத் தெரிந்த பிள்ளைக்குத்தான் கை சும்மா இருக்கும். கை சும்மா இருந்தால் பழைய பந்தயக் குதிரைகூடக் கிழவர் போல நடக்கும்.

கை சும்மா இருப்பது பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு ரைனர் கிளிம்கேயிடம் போகாமல் இருக்க முடியாது. ம்யூன்ஸ்டர் நகரத்து வக்கீல். 1964 டோக்கியோவிலிருந்து 1988 சியோல் வரை ஆறு ஒலிம்பிக் தங்கம். 1984-இல் சான்டா அனிடா மைதானத்தில் ஆலெரிக் மேல் அவர் தனிநபர் தங்கம் வாங்கியபோது வயது 48. பதக்கம் வாங்கிய பிறகு சுற்றி வந்தாரே, அதுதான் என் பொக்கிஷம். கூட்டத்தின் சத்தத்தில் ஆலெரிக் கொதித்துக்கொண்டிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் இழுத்துப் பிடித்திருப்பார்கள். கிளிம்கே அந்தக் கொதிப்பை அப்படியே எடுத்து, அடிக்கு அடி கால் மாற்றும் கேன்டராகத் திருப்பிவிட்டார். குதிரை துள்ளித் துள்ளி மைதானத்தைச் சுற்றுகிறது. மேலே இருக்கும் மனிதரின் இடுப்புக்கு மேல் ஒன்றும் அசையவில்லை. அந்தப் படத்தை வீட்டில் எத்தனை முறை ஓட்டியிருப்பேன் என்று கேட்காதீர்கள். என் மனைவிக்கு ஆலெரிக்கின் நடை பாடம்.

வலெக்ரோதான் உச்சம் என்பவர்கள் உண்டு. 2014 டிசம்பரில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் ஃப்ரீஸ்டைலில் 94.3 சதவீதம் வாங்கிய குதிரை, மறுக்கவில்லை. எனக்கு அது மிகச் சுத்தமான கணக்கு. ஆலெரிக்கில் கொஞ்சம் நெருப்பு இருந்தது, தப்பும் வரும். ஆனால் வலெக்ரோவில் ஏறிய ஷார்லட் டுஜார்டின் பற்றிப் பெற்றோர் வேறொன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு பயிற்சி வகுப்பில் குதிரையின் காலில் அவர் திரும்பத் திரும்பச் சவுக்கால் அடித்த வீடியோ வெளிவந்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார்; ஓராண்டுத் தடையும் விழுந்தது. ஆகவே கிளப் சுவரில் தொங்கும் பதக்கப் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு வகுப்பு முழுக்க நின்று ஆசிரியரின் சவுக்குக் கையைப் பாருங்கள். போதும்.

கிளிம்கேயும் வலெக்ரோவும் பேர் வாங்கிய ட்ரெஸாஜ், அதாவது குதிரையை நுட்பமாக நடத்திக் காட்டும் போட்டி, சலிப்பு; ஜம்பிங்தான் விளையாட்டு என்ற கட்சியும் பெரிய கட்சி. 2023 ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் நம் அணி ட்ரெஸாஜில் தங்கம் வாங்கிய பிறகு அவர்கள் குரல் சற்றுத் தணிந்திருக்கிறது. 1982 டெல்லிக்குப் பிறகு 41 ஆண்டு கழித்துக் குதிரையேற்றத்தில் வந்த தங்கம் அது. டெல்லியில் ரகுபீர் சிங் தங்கம் வாங்கிய ஈவென்டிங்கில் ட்ரெஸாஜ், கிராஸ் கன்ட்ரி, ஜம்பிங் மூன்றும் உண்டு என்பதை இந்தக் கட்சிக்காரர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள். என் கிளிம்கேகூட 1960 ரோமில் இறங்கியது ஈவென்டிங்கில்தான்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் குதிரைப்படையில் தஃபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டிக்கும் சேணத்துக்கும் நடுவே ஒரு ரூபாய்க் காசை வைத்து, விழாமல் ட்ராட் போகச் சொல்வார். விழுந்தால் காசு அவருக்கு. அந்த வித்தை இன்றைக்கு ஆகாது. முட்டியால் கவ்வினால் உடம்பு மேலே எழும்பி நிற்குமே தவிர ஆழ உட்காராது. அந்தக் காலம் எல்லாம் பொன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது: குளம்பைக் கொக்கியால் சுத்தம் செய்து, உடம்பு துலக்கி, சேணம் கட்டாதவனுக்கு ஏறும் உரிமை இல்லை. இறங்கிய பிறகு முதல் தண்ணீர் குதிரைக்கு. இன்று காரிலிருந்து பிள்ளை இறங்கும்போதே குதிரைக்காரர் எல்லாவற்றையும் பூட்டித் தயாராக நிறுத்தியிருக்கிறார். முக்கால் மணி நேரம் கழித்து வாரை அவர் கையில் எறிந்துவிட்டுப் பிள்ளை டியூஷனுக்குப் போகிறது. குதிரையின் பெயர் கேட்டால் "அந்த ப்ரவுன்" என்கிறது.

சாமான் விஷயம் சுருக்கமாக. குதிக்கால் உள்ள பூட்ஸ். ஓட்டக் காலணி அங்கவடிக்குள் வழுக்கி நுழைந்துவிடும். அங்கவடி பூட்ஸைவிட ஓர் அங்குலம் அகலமாக இருக்கட்டும். ஹெல்மெட் குதிரையேற்றத்துக்கென்றே செய்தது. சைக்கிள் ஹெல்மெட் உதவாது. ஒரு பலத்த அடி வாங்கினால் வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். விலை உயர்ந்த ப்ரீச்சஸ் முதல் வருடம் வேண்டவே வேண்டாம்.

லாயத்துக்குள் போங்கள், அனுமதிக்காத கிளப் என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். ஒரு குதிரை நாளைக்கு எத்தனை வகுப்பு சுமக்கிறது என்று கேளுங்கள். மூன்றுக்கு மேல் என்றால் எனக்குப் பிடிக்காது. சென்னை போன்ற புழுக்க ஊரில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வியர்க்காத குதிரைக்கு உடம்புச் சூடு இறங்க வழியில்லை. ஏப்ரல் மாதம் காலை பத்து மணிக்கு வகுப்பு நடத்தும் இடத்தில் இதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். முதுகில் சேணம் உரசிய வெள்ளை முடித் திட்டு இருக்கிறதா, கிட்டே போனால் காதைப் பின்னால் மடிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதுக் கிழட்டுக் குதிரை ஒன்று நின்றிருந்தால் மகிழ்ச்சியடையுங்கள், தொடக்கக்காரருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பொதாய்ஸ்கி தன் வாழ்க்கையை எழுதியபோது 'என் குதிரைகள், என் ஆசிரியர்கள்' என்றுதான் தலைப்பு வைத்தார்.

இத்தனையும் உள்ள கிளப்பில் பெரும்பாலும் இடம் இருக்காது. ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். ஏழு வயதில் ஏற்றியே ஆக வேண்டும் என்ற அவசரத்தில் பக்கத்துக் கிளப்புக்கு ஓட வேண்டாம். ஒன்பது வயதில் கால் இன்னும் நீண்டிருக்கும், சேணத்தைத் தழுவி உட்காரும், ஆசிரியர் சொல்வதும் காதில் ஏறும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வேலியோரம் நிற்க அழைத்துப் போங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.