அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே

எலக்ட்ரானிக்ஸ் சர்க்யூட்டில் ரசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்ட விரும்புவது நான்கே உறுப்புகள் கொண்ட ஒன்று. ஒரு மாஸ்ஃபெட், ஒரு சின்ன டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், அவ்வளவுதான். சென்னை ரிச்சி தெருவில் ஒரே கடைவாசலில் நின்று நான்கையும் வாங்கிவிடலாம். சுமாரான ஹோட்டலின் மதியச் சாப்பாட்டு விலைகூட ஆகாது. அதன் வேலை, ஒரு வாட் பவர் எல்.இ.டி. மூன்றை 12 வோல்ட் பேட்டரியில், பேட்டரி என்ன பாடு பட்டாலும் ஒரே அளவு கரண்ட்டில் எரியவைப்பது.

எல்.இ.டி.க்கு எதற்கு இந்தக் காவல்? பழைய குண்டு பல்புக்குத் தன்னடக்கம் உண்டு. இழை சூடாக ஆக அதன் தடை கூடும். வோல்ட்டேஜ் ஏறினால் ஓரளவு தானே அடக்கிக்கொள்ளும். எல்.இ.டி.யின் குணம் நேர் எதிர். வெள்ளை எல்.இ.டி. ஒன்று சுமார் 3.2 வோல்ட்டில் 350 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். அதற்கு மேல் பத்தில் ஒரு வோல்ட் ஏற்றினால் போதும், கரண்ட் சுமார் கால் பங்கு கூடிவிடும். கரண்ட் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் அதே கரண்ட்டுக்குத் தேவைப்படும் வோல்ட்டேஜ் குறையும், ஆகவே வோல்ட்டேஜை மாற்றாமல் வைத்திருந்தால் கரண்ட் இன்னும் கூடும். இந்தச் சுற்றை யாராவது அறுக்காவிட்டால் அது கருகித்தான் நிற்கும்.

தொடரில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதாதா? எல்லோரும் முதலில் செய்வது அதுதான், பேட்டரி அசையாமல் இருந்தால் அது போதும். மூன்று எல்.இ.டி.க்கு 9.6 வோல்ட் போக மீதி 2.4, அதற்கு 6.8 ஓம் போட்டால் 350 மில்லிஆம்பியர். ஆனால் 12 வோல்ட் பேட்டரி என்பது பெயருக்குத்தான் 12. சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும்; அப்போது கரண்ட் 600 மில்லிஆம்பியரைத் தாண்டிவிடும். இரவெல்லாம் எரிந்து 11 வோல்ட்டுக்கு இறங்கும்போது கால் ஆம்பியர் பக்கம் வந்து வெளிச்சம் சோரும். பேட்டரியின் மனநிலை முழுவதும் விளக்கில் தெரியும்.

இப்போது அந்த நான்கு உறுப்புகளையும் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து மூன்று எல்.இ.டி.களும் தொடராக இறங்குகின்றன. அடியில் ஐஆர்எல்இசட்44என் என்ற மாஸ்ஃபெட்டின் டிரெயின். அதன் சோர்ஸிலிருந்து 1.8 ஓம் ரெசிஸ்டர் ஒன்று மைனஸுக்குப் போகிறது. பழுப்பு, சாம்பல், தங்கம், தங்கம் என்று வளையம் போட்டது. பிளஸ்ஸிலிருந்து மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு 100 கிலோஓம் ஒன்று. கடைசியாக பிசி547, அதாவது பள்ளி மாணவர்களும் அறிந்த அந்தக் கறுப்பு அரைவட்ட டிரான்சிஸ்டர். அதன் கலெக்டர் கேட்டோடும், பேஸ் அந்த 1.8 ஓமின் மேல்முனையோடும், எமிட்டர் மைனஸோடும் சேர்கின்றன. அட்டையில் ஈயம் வைக்க வேண்டிய இடங்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

பேட்டரியைக் கொடுத்ததும் 100 கிலோஓம் வழியாக கேட்டில் வோல்ட்டேஜ் ஏறுகிறது. ஒரே குதியாக ஏறுவதில்லை. மாஸ்ஃபெட்டின் கேட் ஒரு சின்ன கெபாசிட்டர் மாதிரி. அதை நிரப்ப அந்தப் பெரிய தடை வழியாக மில்லிசெகண்டில் ஒரு பகுதி பிடிக்கும். அதனால் எல்.இ.டி.கள் அதிர்ச்சியோடு விழிப்பதில்லை. தனியாக யாரும் ஏற்பாடு செய்யாமலே கிடைத்த நிதானம் இது. மாஸ்ஃபெட் திறக்கத் திறக்க கரண்ட் வளர்கிறது, 1.8 ஓமின் மேல் விழும் வோல்ட்டேஜும் வளர்கிறது. அது அரை வோல்ட்டைத் தாண்டி 0.58 பக்கம் வந்ததும் பிசி547 விழித்துக்கொண்டு கேட்டை மைனஸை நோக்கி இழுக்கிறது. மாஸ்ஃபெட் கொஞ்சம் மூடுகிறது. ஏற்றும் தடையும் இழுக்கும் டிரான்சிஸ்டரும் ஓரிடத்தில் சமாதானமாகி நிற்கின்றன. 0.58-ஐ 1.8-ஆல் வகுத்தால் 0.32 ஆம்பியர். நமக்கு வேண்டியது அதுதான்.

ஏரி மதகில் நிற்கும் நீர்க்கட்டி, வாய்க்காலில் நட்ட குச்சியைப் பார்த்துப் பார்த்துப் பலகையை ஏற்றி இறக்குவதைப் போன்றது இது. ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது அவருக்குத் தேவையே இல்லை. குச்சியில் நீர் எங்கே தொடுகிறது என்பது மட்டும் போதும். இந்தச் சர்க்யூட்டிலும் பேட்டரியின் வோல்ட்டேஜை எந்த உறுப்பும் அளப்பதில்லை.

ஆனால் குச்சியில் கோடு கிழித்தது யார்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒன்றைச் சீராக வைத்திருக்க வேண்டுமென்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். பெரிய சர்க்யூட்டுகளில் அதற்கென்று ஜீனர் டையோடோ தனி ஐசியோ இருக்கும். ஒப்பிட இன்னொன்று, ஒப்பிட்ட முடிவைப் பெருக்க வேறொன்று. இங்கே அளவுகோலை யாரும் வாங்கி வரவில்லை. சிலிக்கான் டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டருக்கு மேல் அரை வோல்ட்டுக்குச் சற்று அதிகம் உயர்ந்தால்தான் கலெக்டரில் சொல்லும்படியான கரண்ட் ஓடும் என்பது அந்தப் பொருளின் இயல்பு. அந்த இயல்பே அளவுகோல். அளப்பது, ஒப்பிடுவது, பெருக்குவது மூன்றையும் இரண்டு மூன்று ரூபாய் பிசி547 ஒன்றே செய்துவிடுகிறது.

அளவுகோல் எவ்வளவு ஆடும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேட் ஏறத்தாழ 2.8 வோல்ட்டில் நிற்கிறது என்று வையுங்கள். பேட்டரி 12 வோல்ட்டில் இருக்கும்போது 100 கிலோஓம் வழியாக வருவது 92 மைக்ரோஆம்பியர். அதை முழுக்க பிசி547 விழுங்க வேண்டும். 14.4 வோல்ட்டில் அது 116 ஆகிறது. விழுங்க வேண்டியது கால் பங்கு கூடிவிட்டதே, பேஸ் வோல்ட்டேஜ் எவ்வளவு கூட வேண்டும்? டிரான்சிஸ்டரின் விதி லாகரிதம். பேஸில் 60 மில்லிவோல்ட் ஏறினால் கலெக்டரில் பத்து மடங்கு ஓடும். கால் பங்கு கூடுவதற்கு வேண்டியது வெறும் 6 மில்லிவோல்ட். 580-ல் 6 என்பது நூற்றுக்கு ஒன்று. பேட்டரி ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. விளக்கின் கரண்ட் நூறில் ஒரு பங்கு நகர்ந்திருக்கிறது. ஒற்றை ரெசிஸ்டரில் இதே ஏற்றம் கரண்ட்டைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கியதை நினைத்துக்கொண்டு இந்த ஒரு சதவீதத்தைப் பாருங்கள். 92 மைக்ரோஆம்பியரை வைத்துக்கொண்டு அதைப்போல் மூவாயிரம் மடங்குக்கு மேலான கரண்ட்டை ஆள்கிறது அந்தச் சின்னது.

இன்னொரு நயம் சூட்டில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் சூடாக ஆக அந்த 0.58 இறங்கும், ஒரு டிகிரிக்கு சுமார் 2 மில்லிவோல்ட். குறைதான். பத்து டிகிரி வெயில் ஏறினால் விளக்கின் கரண்ட் மூன்றரை சதவீதம் குறைந்திருக்கும். துல்லியமான ஆய்வுக்கூடக் கருவியில் இதைச் சகிக்க மாட்டார்கள். வீட்டு விளக்கில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் இதே குறையை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். எல்.இ.டி.கள் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகட்டிலேயே பிசி547-இன் உடம்பையும் ஒட்டிவையுங்கள். தகடு 40 டிகிரி சூடேறினால் அளவுகோல் 80 மில்லிவோல்ட் சுருங்கும், 0.32 ஆம்பியர் 0.28-க்கு இறங்கும். எல்.இ.டி. வெந்தால் கரண்ட் தானாகக் குறைகிறது. இதற்கென்று ஓர் உறுப்புகூடச் சேர்க்கவில்லை, ஒன்றின் இருப்பிடத்தை மாற்றினோம், அவ்வளவே.

கொஞ்சம் நின்று யோசித்தால், எல்.இ.டி.யைக் கருகவைக்கும் இயற்பியலும் இதுவேதான். சூட்டில் வோல்ட்டேஜ் இறங்கும் அந்தச் சந்தியின் குணம் எல்.இ.டி.யிலும் உண்டு, டிரான்சிஸ்டரிலும் உண்டு. ஒன்று காலியம் நைட்ரைடு, மற்றது சிலிக்கான். விளக்கின் இடத்தில் அது வேலியில்லாமல் ஓடும். காவலின் இடத்தில் அதுவே கடிவாளம்.

மாஸ்ஃபெட் விஷயத்தில் ஒரு கேள்வி வரும். ஐஆர்எல்இசட்44என் 47 ஆம்பியர் தாங்கக்கூடியது. மூன்றில் ஒரு ஆம்பியருக்கு அது ஆடம்பரம் இல்லையா? இல்லை. முழுதாகத் திறந்தால் அதன் தடை 0.022 ஓம். நம் கரண்ட்டுக்கு அதன் மேல் விழுவது 7 மில்லிவோல்ட். ஆக இந்தச் சர்க்யூட்டுக்கு வேண்டிய குறைந்தபட்ச வோல்ட்டேஜ், எல்.இ.டி.களின் 9.6-உம் அளவுகோலின் 0.58-உம் சேர்ந்த 10.2 மட்டுமே. ஈய அமில பேட்டரி 10.5-க்கு வந்தால் காலி என்று அர்த்தம். பேட்டரியின் கடைசிச் சொட்டு வரை வெளிச்சம் மாறாது. (ஒருவகையில் இது ஆபத்தும்கூட. விளக்கு மங்கி எச்சரிக்கும் என்று காத்திருந்தால் பேட்டரி கெட்டுப்போயிருக்கும்.)

இதே வேலைக்குப் பலரும் கை நீட்டுவது எல்எம்317 பக்கம். பாப் டாப்கின் 1976-ல் வடிவமைத்த அந்த ஐசி மேல் எனக்கு மரியாதை உண்டு, 3.6 ஓம் ஒன்றைச் சேர்த்தால் 1.25-ஐ 3.6-ஆல் வகுத்த கரண்ட்டை அச்சாகக் கொடுக்கும். துல்லியத்தில் நம் சர்க்யூட் அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் அளவுகோலுக்கே 1.25 வோல்ட், தன் உடம்புக்கு இன்னும் ஒன்றரை இரண்டு வோல்ட் கேட்கும். 9.6-ஓடு கூட்டினால் 13-ஐ நெருங்குகிறது. பேட்டரி இறங்கத் தொடங்கிய உடனேயே அது கைவிட்டுவிடும். மூன்று எல்.இ.டி., ஒரு 12 வோல்ட் பேட்டரி என்ற இந்தக் கணக்கில் நாலு உறுப்புதான் ஜெயிக்கிறது.

இந்த யுக்தி எல்.இ.டி.க்காகப் பிறந்ததும் அல்ல. ஃபேர்சைல்டு நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் 1968-ல் வடிவமைத்த 741 ஆப்-ஆம்பை நம் பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் தொடாதவர் இருக்க முடியாது. அதன் வெளிவாசலைத் தவறிப்போய் ஷார்ட் செய்தாலும் அது சாவதில்லை. உள்ளே 25 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் மேல் விழும் வோல்ட்டேஜைப் பார்த்துக்கொண்டு ஒரு டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே போனதும் பெரிய டிரான்சிஸ்டருக்குப் போகும் கரண்ட்டைத் திருப்பிவிடும். அதனால்தான் 741-இன் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் 25 மில்லிஆம்பியர் பக்கம் நிற்கிறது. அங்கே உயிர்காக்க வைத்ததை இங்கே அன்றாட வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் சரி, மிஞ்சிய வோல்ட்டேஜ் எங்கே போகிறது? மாஸ்ஃபெட்டில் சூடாகப் போகிறது. இதுதான் இந்த வடிவத்தின் எல்லை, இதை மறைத்து நயம் பாராட்டக் கூடாது. 12 வோல்ட்டில் மூன்று எல்.இ.டி. என்றால் மாஸ்ஃபெட்டின் மேல் 1.8 வோல்ட், அதாவது 0.6 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஹீட் சிங்க் இல்லாமலே தாங்கும், 35 டிகிரி அறையில் அதன் உடம்பு 70-ஐத் தொடும், அவ்வளவுதான். மூன்றுக்குப் பதில் ஒரே எல்.இ.டி. போட்டால் 2.6 வாட். எல்.இ.டி.க்குக் கிடைப்பதைவிட மாஸ்ஃபெட்டுக்குக் கிடைப்பது இரண்டரை மடங்குக்கும் மேல்! ஹீட் சிங்க் போட்டுத் தப்பிக்கலாம், ஆனால் அது அழகல்ல. பேட்டரிக்கும் எல்.இ.டி. வரிசைக்கும் இடைவெளி அதிகமென்றால் சுவிட்ச் செய்து இறக்கும் பக் டிரைவரே முறை. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்துக்கு இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். இந்தச் சர்க்யூட் தன் அழகைக் காட்டுவது, தேவையும் வரவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் இடத்தில்தான்.

கட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஓரிரு வார்த்தை. 1.8 ஓமில் செலவாவது 0.2 வாட்டுக்கும் குறைவுதான், ஆனாலும் ஒரு வாட் ரெசிஸ்டராக வாங்குங்கள். சூடாகாத அளவுகோலே நல்ல அளவுகோல். கரண்ட்டை அளக்கக் கம்பியை வெட்ட வேண்டாம். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து அந்த ரெசிஸ்டரின் இரு முனையிலும் தொட்டு, காட்டுவதை 1.8-ஆல் வகுத்தால் போதும். எல்.இ.டி.யைக் கழற்றி மாட்டும்போது மட்டும் முதலில் பேட்டரியை எடுத்துவிடுங்கள். எல்.இ.டி. இல்லாதபோது கரண்ட் இல்லை, பிசி547 உறங்குகிறது, கேட் 12 வோல்ட் வரை ஏறி மாஸ்ஃபெட் முழுதாகத் திறந்து கிடக்கிறது. அந்த நிலையில் எல்.இ.டி.யை மாட்டினால் காவல் விழிப்பதற்குள் பாயும் கரண்ட்டில் ஒரு பகுதி பிசி547-இன் பேஸுக்குள்ளேயே புகும். பேஸுக்கு முன்னால் ஒரு கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துவிட்டால் அந்த டிரான்சிஸ்டர் பிழைக்கும், எல்.இ.டி.யைக் காப்பாற்ற, பேட்டரியை எடுப்பதுதான் வழி.